வாய் திறக்கும் கணம்

கோவில்பட்டி நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குழாய் பிட்டராகப் பணியாற்றி முறைப்படி ஓய்வு பெற்றவனும், பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டுப் பின்னர் நூலகத்தின் நீள மேசையில் அமர்ந்து தானாகவே தமிழ் கற்றுத் தேறியவனும், வயது எழுபத்தொன்று நிறைந்தவனுமாகிய கொண்டல்சாமி என்னும் நான், இப்போது மதிய உணவு முடிந்து, என் வீட்டு உள்ளறைக் கட்டிலில், மூக்கின்மேல் ரப்பர் மூடியும் அதிலிருந்து புறப்படும் வளைகுழாயுமாக மல்லாந்து படுத்திருக்கிறேன். உறங்குவதற்காக அல்ல, உறக்கம் வரும்போது என் வாய் திறக்கிறதா, திறந்தால் எந்தக் கணத்தில் திறக்கிறது என்பதைக் காண்பதற்காக. காண்பது என்னும் சொல் இங்கே பொருந்துமா என்பதில் ஐயம் உண்டு. கண் மூடியிருக்கும். உணர்வது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உறங்கிவிட்டவன் எதை உணர்வான்? சில வாரங்களாக என் சிந்தனை இந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. விழித்திருக்கும்வரை வாய் மூடியே இருக்கிறது. விழித்தெழும்போதோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கையில் பழைய சுவரொட்டியைச் சுவரிலிருந்து உரிப்பதுபோல ஓர் ஓசை, எனக்கு மட்டும் கேட்கும் ஓசை. உதட்டின் உட்புறம் பல்லோடு பற்றிக்கொள்கிறது. தொண்டையில் எச்சிலைக் கூட்டி விழுங்கலாம் என்றால் கூட்டுவதற்கு எச்சில் இல்லை. விழுங்குகிற அசைவு மட்டும் நடக்கிறது, உள்ளே உமியைத் தள்ளியதுபோல. இதைப் பொறுக்க மாட்டாமல் மூடியைக் கழற்றுகிறேன், சொம்புத் தண்ணீரைக் குடிக்கிறேன், மறுபடியும் மாட்டுவோம் என்று எண்ணியபடியே மாட்டாமல் உறங்கிப் போகிறேன். மாட்டாமல் உறங்கினால் குறட்டை வரும். குறட்டை வந்தால் சீனியம்மாள் போய்விடுவாள். வாய் உலர்வதெல்லாம் ஒரு நோயா என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான்.

சீனியம்மாள் என் மனைவி. என் குறட்டைக்கு ஆற்றாமல் பாயும் தலையணையுமாக அவள் கூடத்துக்குப் போனது எங்கள் பேத்தி பிறந்த வருடம். அந்தப் பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சண்டை எதுவும் இல்லை. "நீங்க அறுங்க, நான் அங்கிட்டுப் போயிக் கெடக்கேன்" என்றாள், மர அறுவையைக் குறித்து, அவ்வளவே. பின்னர் அது வழக்கமாயிற்று, வழக்கம் வீட்டின் அமைப்பே ஆயிற்று. கூடம் அவளுக்கு, உள்ளறை எனக்கு. திருநெல்வேலியிலுள்ள பெண் மருத்துவர் ஒருவர், உடம்பெல்லாம் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு என்னை உறங்கவைத்துப் பார்த்துவிட்டு, உறக்கத்தில் என் மூச்சு நின்று நின்று ஓடுகிறது என்றும், குறட்டை அதன் வெளிச்சத்தம் மட்டுமே என்றும், இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்றும், காற்றை அழுத்தத்தோடு மூக்கில் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் இந்தக் கருவியைப் பகலில் கண்ணயர்ந்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். "மூச்சு நின்று" என்ற சொல்லை அவர் சொல்லும்போது சீனியம்மாள் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. கருவி வீட்டுக்கு வந்தது. குறட்டை, பெரிய வால்வை அடைத்ததும் குழாயில் சத்தம் நிற்பதுபோல, ஒரே நாளில் நின்றது. இரண்டொரு நாளில் அவள் தன் தலையணையைக் கொண்டுவந்து கட்டிலின் மறுபுறம் வைத்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் வளைகுழாய் கிடந்தது. "தள்ளிப் போடுங்க உங்க தும்பிக்கைய" என்றாள். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதப் புகுந்தால் என் வயதுக்கு அது ஒவ்வாது. ஆகவே எழுதவில்லை, நினைத்துக்கொள்ள மட்டும் செய்கிறேன், அதுவும் காற்று உள்ளே போகும்போது, குளிர்ச்சியாக, சற்றே ரப்பர் மணத்தோடு.

காற்று போகிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கருவியின் அடியில் தண்ணீர்ப் பெட்டி ஒன்று இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரை அதில் ஊற்றினால் அது இளஞ்சூடாகி, ஈரத்தைக் காற்றோடு கலந்து அனுப்பும். இரவில் கோடுவரை ஊற்றுகிறேன், காலையில் பெட்டியின் அடி தெரிகிறது. அப்படியானால் அவ்வளவு தண்ணீரும் எனக்குள் வந்திருக்கிறது. வந்தும் என் தொண்டை காய்ந்து கிடக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புதிர் புதிதன்று. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும், வால்வு திறந்திருக்கும், கடைசித் தெருவில் குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள், குழாய் புஸ்ஸென்று சீறும், காற்றுதான் வரும். "ஏம் பிட்டரு, தண்ணி கேட்டா காத்த விக்கியா?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள், பச்சைக் குடம், மூக்கின் ஓரத்தில் மரு, முகம் மறக்கவில்லை, பெயர் மறந்துவிட்டது. நடுவில் எங்கேயோ போகிறது என்பதுதான் அதன் பொருள். எங்கே என்று கண்டுபிடிக்க நான் தார்ச்சாலையில் காதை வைத்துப் படுத்திருக்கிறேன். இப்போது அதே காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருக்கிறேன். இரைகிற குழாய் என் உள்ளேயே இருக்கிறது. செய்யாதது எதுவுமில்லை. ஈரத்தைக் கூட்டும் திருகை முழுதும் திருப்பினேன். மூக்கில் தண்ணீர் சொட்டியது, வாய் காய்ந்தே இருந்தது. மின்விசிறிக் காற்றில் குழாய் குளிர்ந்து ஈரமெல்லாம் குழாயிலேயே தங்கிவிடுகிறதோ என்று எண்ணி, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றினேன். மூக்கில் சொட்டுவது நின்றது, வாய் காய்ந்தே இருந்தது. சீனியம்மாள் அதிமதுரத்தைத் தட்டிக் கொடுத்தாள், அடக்கிக்கொண்டு படுத்தேன். காலையில் அது கன்னத்தில் சுள்ளிபோல ஒட்டியிருந்தது. கடைசியில் கருவி விற்ற கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அய்யா, ஒங்களுக்கு வாய் வழியா லீக்காவுது. மூக்குல போற காத்து, வாய் தொறந்திருந்தா அந்த வழியாவே வெளிய ஓடீரும், இருக்கற ஈரத்தயும் தொடச்சிட்டுப் போயிரும். பெட்டிக்குள்ள தாடைப் பட்டை ஒண்ணு போட்டிருக்கேன் பாருங்க. மூக்கடைப்பு எதும் இல்லைல்ல? அப்பக் கட்டிக்கோங்க, சரியாப் போவும்." லீக் என்று என்னிடம் சொல்கிறார். ஊரின் கசிவுகளையெல்லாம் கண்டுபிடித்துப் பூட்டிய என்னிடம், உம் வாயே கசிவு என்கிறார். "என் வாய் மூடித்தான் இருக்கும்" என்றேன். "தூங்கும்போது ஒங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விதான் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பட்டையை எடுத்துப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். வெள்ளை. விரல் மூன்று சேர்ந்த அகலம். மோவாய்க்கு அடியில் கொடுத்து, இரு கன்னங்களின் ஓரமாக மேலே ஏற்றி, உச்சந்தலையில் ஒட்டவேண்டும் என்று உறையின்மேல் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்த வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தார். அவருக்கு என்ன தெரியும்? அவர்கள் நாட்டில் இறந்தவருக்கு வாய்க்கட்டுக் கட்டும் வழக்கம் உண்டோ இல்லையோ. என் தமையனார் அய்யலுசாமி உறக்கத்திலேயே போனார். காலையில் பார்க்கும்போது வாய் திறந்திருந்தது, ஏதோ சொல்ல எடுத்து நிறுத்தியதுபோல. விறைப்பதற்குள் கட்ட வேண்டும் என்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நான்தான் புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். கிழிபடும் ஓசை வீடு முழுவதும் கேட்டது. மோவாயின் கீழே கொடுத்தபோது மழித்து ஒரு நாளான தாடி என் விரலில் குத்தியது. அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குக் குத்தியது. உச்சியில் முடிச்சுப் போட்டேன். முடிச்சின் இரண்டு நுனிகளும் முயல் காதைப்போல நின்றன. அதைப் பார்த்து ஒரு குழந்தை சிரித்தது. அவருக்கும் குறட்டை உண்டு. அந்தக் காலத்தில் குறட்டை விடுகிறவனை நன்றாக உறங்குகிறவன் என்று சொன்னோம். ஆகையால் பட்டையை உறையோடு சேர்த்து அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சீனியம்மாளுக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆவது? இத்தனை ஆண்டுகள் கழித்து என் பக்கத்தில் வந்து படுத்தவள், விளக்கணைக்கும் முன் திரும்பிப் பார்த்தால் வாய்க்கட்டோடு ஒரு பிணம் கிடக்க வேண்டுமா? மறுநாளே தலையணை கூடத்துக்குப் போகும். கட்டினாலும் போவாள், கட்டாவிட்டாலும் போவாள். மீதமிருப்பது ஒரே வழிதான்: கசிவு வாயில் இல்லை என்று நான் நிரூபித்துவிட வேண்டும். கசிவு வேறெங்காவது இருக்கட்டும். மூடியின் ஓரத்தில் இருக்கட்டும், குழாயின் மூட்டில் இருக்கட்டும், கடைக்காரரின் மூளையில் இருக்கட்டும்.

அதற்காகத்தான் இந்தக் காகிதம். நேற்றைய காலண்டர் தாளிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து மேலுதட்டில் ஒட்டியிருக்கிறேன், வாய்க்கு நேராகத் தொங்கும்படி. ஒட்டுவதற்கு எச்சில் போதவில்லை, சொம்பில் தொட்டுக்கொள்ள நேர்ந்தது. வாய் வழியாகக் காற்று வந்தால் கீற்று பறந்து போயிருக்கும், வராவிட்டால் இருக்கும். எளிய சோதனை. சீனியம்மாள் முருங்கைக் கீரையோடு அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். உருவுகிற சத்தம் சிறு சிறு மழைபோலக் கேட்கிறது. "அதென்ன ஒதட்டுல? ராகுகாலத்த ஒட்டி வச்சிருக்கீக" என்றாள். வாயைத் திறந்தால் அழுத்தம் முழுதும் வெளியே சீறும், பேச முடியாது. கையை மட்டும் அசைத்தேன். "பேச மாட்டீகளே. இந்த மிஷின் வந்ததுல எனக்குக் கெடச்ச லாபம் அது ஒண்ணுதான்" என்று சொல்லிக் கீரையை உருவினாள். லாபம் அது ஒன்றுதானா? கேட்டிருக்கலாம். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. பல்லோடு பல் சேர்ந்திருக்கிறது, நாக்கு மேலே, உதடு மூடி. காவல் பலமாக இருக்கிறது. இப்போது வருமா உறக்கம்? கவனித்துக்கொண்டிருந்தால் வராது, வந்தால் கவனிக்க முடியாது. சாட்சியும் குற்றவாளியும் ஒருவனே என்றால் வழக்கு நிற்குமா. ஓரமாக வருவதுபோல இருக்கிறது. கால் பெருவிரலிலிருந்து வருமா, கண்ணிலிருந்தா? கருவி இரைகிறது, தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல, நீரேற்று நிலையத்து மோட்டார். அதன் பக்கத்தில் உறங்கிப் பழகியவனுக்கு இது தாலாட்டுத்தான், மோட்டார் நின்றால்தான் விழிப்பு வரும், சத்தம் நின்றால்தான். கீரை மழை பெய்கிறது. பல் சேர்ந்திருக்கிறது. சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருக்கிறது. பச்சைக் குடம் வரிசையில் முன்னே நகர்கிறது, நான் வால்வைத் திருப்புகிறேன், இரும்புச் சாவி நீளமாக இருக்கிறது, திருப்பத் திருப்ப இடம் கொடுக்கிறது, இதோ தண்ணீர் இறங்குகிறது, தாடையில் ஒரு சிறு தளர்ச்சி, இதுதானோ, இதைத்தான் நான், குழாய் புஸ்ஸென்று, அய்யலு அண்ணன் வரிசையில் நிற்கிறார், தலையில் இரண்டு முயல் காது, கொண்டலு, குடத்த நகட்டு, என்கிறார், வாய் கட்டியிருக்கிறதே, எப்படிப் பேசுகிறார்

நாக்கு ஒட்டியிருந்தது. தொண்டை காய்ந்த ஓடை. மூடியைக் கழற்றிச் சொம்பை எடுக்கக் கை நீண்டபோது, அது ஏற்கெனவே என் உதட்டருகே இருந்தது. சீனியம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நீட்டிக்கொண்டிருந்தாள். குடித்தேன். மேலுதட்டைத் தடவினேன், கீற்று இல்லை. தலையணையில் தேடினேன், கழுத்தில் தேடினேன். "இங்கன இருக்கு" என்று தன் முழங்கையைக் காட்டினாள், அங்கே ஒட்டியிருந்தது. "எப்பப் பறந்துச்சு?" "நீங்க கண்ண மூடுன கொஞ்ச நேரத்துல. தாடை மெதுவா எறங்குச்சு, கதவு தானாத் தொறக்குமே, அதுகணக்கா. பொறவு பொறுபொறுன்னு ஆடுச்சு. பொறவு பறந்துருச்சு. வாய்லதான் காத்து வருது." நான் வாரக்கணக்கில் காத்திருந்த அந்தக் கணத்தை அவள் கீரை உருவிக்கொண்டே பார்த்துவிட்டாள். "இன்னிக்குத்தான் பாத்தியா?" என்றேன். அவள் முறத்தைத் தள்ளிவைத்தாள். "தெனமும்தான். ராத்திரி கையை வச்சுப் பாப்பேன், வாய்க்கு நேரா. சைக்கிள் டியூப்பு ஓட்டைல வாற மாதிரி வரும். அது வந்தா நான் திரும்பிப் படுத்துருவேன்." "எதுக்குப் பாக்கணும்?" அவள் கோபமாகப் பேசினாள். "எதுக்கா? மூச்சு நின்னு நின்னு ஓடுதுன்னு அந்தம்மா சொல்லுச்சில்ல. எனக்குக் காதில்லன்னு நெனச்சீகளா? கூடத்துல படுத்திருந்தப்ப ஒங்க அறுவை கேக்கும். கேக்குற மட்டும் மனுசன் இருக்காருன்னு அர்த்தம். இப்ப இந்த எழவு மிஷினு அதையும் அடக்கிப் போட்டுச்சு. சத்தமே இல்ல. பக்கத்துல வந்து தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

குறட்டை நின்றதால் வந்தாள் என்று நான் எண்ணியிருந்தேன். குறட்டை நின்றதால்தான் வந்திருக்கிறாள். அது சரிதான், ஆனால் அது வேறு. தார்ச்சாலையில் காதை வைத்து எங்கோ ஓர் இடத்தைத் தோண்டி, கசிவு இன்னொரு தெருவில் இருக்கக் கண்டவன்போல நான் உட்கார்ந்திருந்தேன். எந்தக் காற்று என் வாயைக் காய வைக்கிறதோ அந்தக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒருத்தி உறங்குகிறாள். வாயை அடைத்தால் எனக்கு ஈரம் தங்கும், அவளுக்கு உறக்கம் போகும். அடைக்காவிட்டால் நான் மூடியைக் கழற்றுவேன், மூச்சு நிற்கும். பகல் வெளிச்சத்தில் அவள் கண்ணின் அடியில் இருந்த கருமையை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் என் நாக்கையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, வேட்டிகளின் அடியிலிருந்து உறையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். வெளியே இழுத்தாள். நீளத்தையும் வெள்ளையையும் பார்த்தாள். படத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "இதக் கட்டிக்கிட்டா எம் பக்கத்துல படுப்பீக?" என்றாள். "அதுக்குத்தான் ஒளிச்சு வச்சேன்." "ஒளிச்சு வச்சா? நல்ல ஆளு. நாளப் பின்ன நானே அலமாரியத் தொறந்து இத எடுத்திருந்தா என் உசுரு போயிருக்கும்." பட்டையைத் தொலைவில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். சிறிது நேரம் அதை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அதன் நீட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சிக்கு நீங்கதான் கட்டுனீக" என்றாள். நான் தலையசைத்தேன். அவளுக்கும் அந்த முயல் காதுகள் நினைவிருக்கின்றன.

நான் மூடியை மறுபடி மாட்டிக் கருவியை இயக்கினேன். வாயை இறுக மூடிக்கொண்டு, அவள் வலக்கையைப் பிடித்து, மூடியின் முன்புறத்தில் இருக்கும் பொடித் துளைகளுக்கு நேராக வைத்தேன். விடுகிற மூச்சு வெளியேறுவதற்காகச் செய்துள்ள துளைகள் அவை. அதை நான் முதல் நாளே கண்டறிந்திருந்தேன், ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன் என்று எண்ணியதில்லை. மூச்சை விட்டேன். இழுத்தேன். விட்டேன். அவள் உள்ளங்கை முதலில் ஒன்றும் அறியாமல் இருந்தது. பிறகு விரல்கள் மெல்லக் குவிந்தன. "சூடா வருது" என்றாள். இழுத்தேன். "இப்ப இல்ல. குளுந்திருச்சு." விட்டேன். "இந்தா, வருது." கையை எடுக்கவில்லை. கீரை முறத்தில் வாடிக்கொண்டிருந்தது. பேச முடியாத நிலையில் நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவளைப்போல. பிறகு எழுந்து போய், தையல் டப்பாவையும், பேத்தி காதணி விழாவுக்குத் தைத்த ரவிக்கையில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள் துணியையும் எடுத்துவந்தாள். "வெள்ளை ஆவாது. மூடித் தச்சிர்றேன். ஒட்டுறது உச்சியில வரப்புடாது, காதுக்கு மேல ஒருபக்கமா வரட்டும். தொங்கல் கிங்கல் ஒண்ணும் நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது." ஊசியில் நூல் கோக்க என் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். வேலை முடிந்ததும் நான் கையை நீட்டினேன்; தர மறுத்தாள். "இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. ரெண்டு நாளு வாய் காஞ்சா ஒண்ணும் கொறஞ்சு போவாது." பஞ்சாங்கத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று விளக்கிக் கேட்க எனக்குச் சொற்கள் இருந்தன, வாயில் ஈரம் இல்லை. அந்த இரண்டு நாளும் சொம்பு அவள் பக்கத்தில் இருந்தது. மூடியைக் கழற்றிக் குடித்ததும், அதை என் மூக்கில் மறுபடி வைத்து வாரைப் பூட்டியது அவள் கை.

மூன்றாம் நாள் மதியம் அவளே கட்டினாள்; காதுக்கு மேலே ஒட்டி, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "பல்லு வலிக்காரரு கணக்கா இருக்கீக, பொணம் கணக்கா இல்ல" என்று தீர்ப்புச் சொல்லி, பக்கத்தில் படுத்து, துளைகளின் முன்னே கையை வைத்தாள். அந்தக் கணத்தைக் கவனிக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. கவனிக்க ஆள் இருந்தது. விழித்தபோது என் வாயில் எச்சில் ஊறியிருந்தது. விழுங்கினேன், தடையின்றி இறங்கிற்று. என் மார்பின்மேல் நழுவி விழுந்திருந்தது ஒரு கை. அறையில் குறட்டை கேட்டது. அது என்னுடையது அன்று. நான் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தேன். இவ்விவகாரம் இவ்வாறாக முடிவுற்ற நாள், சுபகிருது ஆண்டு, பங்குனித் திங்கள் பதினேழாம் நாள், தசமி, ஆங்கிலத்தில் 2023 மார்ச் 31, வெள்ளிக்கிழமை.